ஊர் முழுக்கத் தட்டை, நிலவடிவத்துக்கு எங்கே போவது?

கேள்வி | ஆகஸ்ட் 2, இரவு

நிலவியல் வகுப்பில் அவரவர் வீட்டுக்கு அருகில் உள்ள ஐந்து நிலவடிவங்களைப் படம் எடுத்து, ஒவ்வொன்றும் எப்படி உருவானது என்று நான்கு வரி எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். மலைப்பக்கம் வீடு இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இங்கே கண்ணுக்கு எட்டிய வரை தட்டை. குன்று கிடையாது, அருவி கிடையாது. ஆறு ஒன்று இருக்கிறது, அதிலும் பாதி நாள் தண்ணீர் இருக்காது. எடுக்க ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாமா, இல்லை வண்டி ஏறி மலைக்குத்தான் போகணுமா?

பதில் | ஆகஸ்ட் 3, காலை

மலைக்கெல்லாம் போக வேண்டாம். தட்டை என்பதும் ஒரு நிலவடிவம்தான். தரை சும்மா தட்டையாகிவிடாது. ஆறு வெள்ளம் வெள்ளமாக வண்டலைக் கொட்டி நிரப்பியிருக்கலாம், பழைய ஏரி தூர்ந்துபோயிருக்கலாம், கடல் பின்வாங்கியிருக்கலாம், ஒரு காலத்தில் மேடாக இருந்தது கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து இறங்கியும் இருக்கலாம். உங்களுடையது இதில் எது என்று கண்டுபிடித்தாலே முதல் படம் தயார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்தில் எங்காவது அஸ்திவாரத்துக்கோ கிணற்றுக்கோ குழி தோண்டியிருப்பார்கள், மேலே பத்திரமாக நின்று அதன் சுவரைப் பாருங்கள். மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக மாறி மாறி வந்தால் பெரும்பாலும் ஆற்றின் வேலை. கொஞ்ச ஆழத்திலேயே நொறுங்கிய பாறை, அதற்குக் கீழே கெட்டிப் பாறை என்று போனால் அது தேய்ந்த தரை.

ஆற்றில் தண்ணீர் இல்லை என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் தண்ணீர் வற்றுவதற்காகவே காத்திருப்பேன்.

பதில் | ஆகஸ்ட் 3, மாலை

காலையில் அவசரமாக நிறுத்திவிட்டேன். வறண்ட ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஐந்தில் மூன்று அங்கேயே கிடைத்துவிடும்.

ஆறு வளையும் இடமாகப் பார்த்துப் போங்கள். வளைவின் வெளிப்புறத்தில் தண்ணீர் வேகமாக மோதுவதால் கரை செங்குத்தாக அறுந்திருக்கும், சில இடங்களில் மரத்தின் வேர் அந்தரத்தில் தொங்கும். உட்புறத்தில் வேகம் குறைவதால் மணல் திட்டு சாய்வாகப் படிந்திருக்கும். இரண்டும் ஒரே படத்தில் வரும்படி, வளைவுக்கு மேலோட்டப் பக்கம், அதாவது தண்ணீர் வரும் பக்கம், நின்று எடுங்கள். அரிப்பையும் படிவையும் ஒரே சட்டத்தில் காட்டும் படம் இதைவிடச் சுலபமாக எங்கும் அமையாது. வளைவுகளுக்கு ஓர் அளவுக் கணக்கும் உண்டு: ஒரு முழு வளைவின் நீளம் பெரும்பாலும் ஆற்று அகலத்தின் 10 முதல் 14 மடங்குக்குள் இருக்கும். தாண்டிக் குதிக்கும் ஓடைக்கும் பெரிய நதிக்கும் இது ஏறக்குறையப் பொருந்தும். உங்கள் ஆற்றை விண்கோள் (செயற்கைக்கோள்) படத்தில் அளந்து பார்த்து அந்த எண்ணை நான்கு வரியில் ஒரு வரியாகப் போட்டால், படித்துத் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

அப்புறம் கூழாங்கற்கள். தட்டையான கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தால், அவை எந்தப் பக்கம் நோக்கித் தாழ்ந்திருக்கின்றன என்று பாருங்கள். பொதுவாக மேலோட்டப் பக்கம்தான் தாழ்ந்திருக்கும், அந்தக் கிடையில்தான் வெள்ளத்தால் அவற்றை எளிதில் புரட்ட முடியாது. தண்ணீரே இல்லாத படுகையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று கற்களே சொல்லும். பக்கவாட்டில் மண்டியிட்டு, கற்களின் மட்டத்துக்கே கேமராவை இறக்கி எடுக்கணும். மேலிருந்து எடுத்தால் வெறும் கற்குவியல்தான்.

வளைவு அறுந்து தனியாகக் கிடக்கும் குருட்டு ஆறு பக்கத்தில் இருக்கிறதா என்று விண்கோள் படத்தில் தேடுங்கள். தூர்ந்துபோயிருந்தாலும் வயல்களின் வரப்புகள் அந்தப் பழைய வளைவை ஒட்டியே வளைந்து போகும்.

பதில் | ஆகஸ்ட் 4

அளவுகோல்! இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கணும்.

அளவு தெரியாத நிலவடிவப் படம் வகுப்புக்குப் பயன்படாது. ஒரு மண் பள்ளத்தை எடுத்து அனுப்பினால் அது முழங்கால் ஆழமா, மூன்று மாடி ஆழமா என்று யாருக்கும் தெரியாது, செடிகூட இல்லாத இடமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். சின்னதுக்கு சென்டிமீட்டர் கோடு போட்ட ஸ்கேல், நடுத்தரத்துக்கு ஒரு பை அல்லது ஊன்றுகோல், பெரியதுக்கு ஆள். நாணயம் வைப்பவர்கள் உண்டு, அந்த நாணயத்தைப் பார்த்திராதவருக்கு அதனால் பயனில்லை. ஸ்கேலைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைக்காமல், காட்டவேண்டிய பொருளோடு ஒட்டி, அதே தூரத்தில் வையுங்கள். முன்னால் வைத்த ஸ்கேல் பெரிதாகத் தெரிந்து பின்னால் இருப்பதைக் குட்டியாக்கிவிடும். ஸ்கேல் இல்லாமலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், சில சமயம் ஸ்கேல் விழுந்திருக்கும் இடத்தில்தான் முக்கியமான அடுக்கு இருக்கும்.

ஆள் நிற்கவைத்தால் ஒரு தொல்லை: எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். என் வகுப்புத் தோழன் ஒருவன் ஒவ்வொரு படத்திலும் இடுப்பில் கைவைத்து நிற்பான். ஆசிரியர் கடைசிவரை அவனுடைய உயரத்தைத்தான் அலகாகப் பயன்படுத்தினார், "இந்தக் கரை இரண்டரைத் தோழர் உயரம்" என்று.

பதில் | ஆகஸ்ட் 4, இரவு

எந்த நேரத்தில் எடுப்பது என்று இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னும் மாலையில் இறங்கிய பிறகும். தாழ்ந்த வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒரு சாண் மேடுகூட நிழல் போட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ளும். நடுப்பகலில் அதே மேடு காணாமல் போய்விடும். தட்டையான ஊரில் இருப்பவருக்கு மற்ற எல்லோரையும்விட இது முக்கியம். பழைய ஆற்றங்கரை மேடு, தூர்ந்த கால்வாய் எல்லாம் அந்த நேரத்தில்தான் தலைகாட்டும்.

செங்குத்துக் கரையின் அடுக்குகளுக்கு மட்டும் நேர் மாறு. மேகமூட்டமான நாள் நல்லது, நிழல் விழுந்து அடுக்குகளை மறைக்காது.

பதில் | ஆகஸ்ட் 6

கேட்டவர் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்: வறண்ட சேற்றின் வெடிப்பு, மணலில் அலைபோன்ற வரிகள், மழைத்தாரை அறுத்த சிறு வாய்க்கால், குட்டையில் சிறிய டெல்டா, வெள்ளச் சமவெளி. நல்ல கண். ஆனால் இதில் இரண்டு அடிபடலாம்.

சேற்று வெடிப்பையும் மணல் வரிகளையும் பலர் படிவு அமைப்பு என்ற தலைப்பில்தான் வைப்பார்கள், நிலவடிவத்தில் சேர்க்கமாட்டார்கள். கண்டிப்பான ஆசிரியராக இருந்தால் மதிப்பெண் போய்விடும். அவற்றைத் தனிப் படமாகக் கொடுக்காமல், மணல் திட்டுப் படத்துக்குச் சான்றாகப் பக்கத்தில் வையுங்கள். மணல் வரியின் செங்குத்தான பக்கம் நீரோட்டம் போன திசையைப் பார்த்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே சாய்வாக இருந்தால் அது அலை முன்னும் பின்னும் அசைந்து போட்டது. இந்தச் சான்று திட்டைப் பற்றிய உங்கள் வரிக்குப் பலம் சேர்க்கும்.

வெடிப்பை எப்படியும் எடுப்பதென்றால் சந்திப்புகளைக் கவனியுங்கள். முதல்முறை காய்ந்த சேற்றில் ஒரு வெடிப்பு இன்னொன்றில் கிட்டத்தட்ட செங்கோணத்தில் போய் முட்டும். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து பழகிய சேற்றில் மூன்று வெடிப்புகள் 120 பாகைக்கு நெருங்கிய கோணங்களில் கூடும். ஒரே குட்டையின் நடுவிலும் ஓரத்திலும் எடுத்து ஒப்பிடலாம்.

அந்தக் குட்டை டெல்டா எனக்குப் பிடித்திருக்கிறது. தயங்காமல் கொடுங்கள்.

பதில் | ஆகஸ்ட் 7

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தக் குட்டை டெல்டாவைப்போல, சின்னது பெரியதின் நகல் என்று நானும் ஓரளவு நம்புகிறவன்தான், ஆனால் எல்லை உண்டு.

நகல் சரியாக அமைவதற்கு நல்ல உதாரணம் மண்தூண்கள். புல் இல்லாத சரிவில் பலத்த மழைக்குப் பிறகு குனிந்து பாருங்கள், விரல் உயரத்துக்குக் குட்டித் தூண்கள் நிற்கும், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிறு கல். கல்லுக்குக் கீழே இருந்த மண்ணை மழைத்துளி தொடவில்லை, சுற்றியிருந்தது தெறித்துப் போய்விட்டது. இத்தாலியின் ரிட்டன் பகுதியில் பனியாறு விட்டுப்போன களிமண்ணில் இதே கதை பல ஆள் உயரத்துக்கு நடந்திருக்கிறது, தலையில் பாறையோடு. இரண்டுக்கும் நான்கு வரி விளக்கம் ஒன்றேதான்.

நகல் பொய்யாவதற்கும் உதாரணம் உண்டு. வாய்க்கால் ஓரத்தில் களிமண் ஒரு முழ உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும், உடனே "சிறிய பள்ளத்தாக்கு" என்று தலைப்புப் போட்டுவிடுவோம். அந்த உயரத்தில் அதை நிறுத்துவது களிமண்ணின் ஒட்டும் தன்மை. அதே களிமண்ணில் ஐம்பது மீட்டர் செங்குத்துச் சுவர் எழுப்பினால் தன் எடையிலேயே சரிந்துவிடும். பெரிய பள்ளத்தாக்குகளின் சுவரை நிறுத்துவது பாறையின் வலிமையும் அதன் விரிசல்கள் ஓடும் விதமும். அதனால் "இதுபோலத்தான் அதுவும்" என்று எழுதும் முன், இரண்டையும் தாங்குவது ஒன்றேதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் | ஆகஸ்ட் 9, காலை

இன்னொருவர் பாறை மேட்டுப் படம் ஒன்றைப் போட்டு, "பகல் வெப்பம், இரவுக் குளிர், அதனால் வெங்காயம் உரிவதுபோல் பாறை உரிகிறது, சரிதானே?" என்று கேட்டிருக்கிறார். தட்டை நில விவாதத்தில் மேடு நுழைந்துவிட்டது, பரவாயில்லை, இது எனக்குப் பிடித்த சண்டை.

பாடப்புத்தகங்களில் பல காலமாக இருக்கும் விளக்கம் அது. 1936இல் டேவிட் கிரிக்ஸ் என்பவர் கிரானைட் துண்டைச் சூடாக்கிக் குளிரவைத்து, சூடாக்கிக் குளிரவைத்து, 89,400 முறை செய்து பார்த்தார். தினம் ஒருமுறை என்று கணக்கு வைத்தால் ஏறத்தாழ 244 ஆண்டு. உலர்ந்த கல்லில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. தண்ணீர் தெளித்துக் குளிரவைத்தபோதுதான் கல் சிதையத் தொடங்கியது. அதன்பிறகு வெப்பம் என்ற பதிலுக்கு மவுசு குறைந்தது. பெரிய தகடுகளாக உரிவதற்கு இன்று அதிகம் சொல்லப்படும் காரணம் வேறு: ஆழத்தில் அழுத்தத்தில் உருவான பாறை, மேலே இருந்த சுமை அரிப்பில் போனதும் வெளிப்புறமாக விரிந்து, மேற்பரப்புக்கு இணையாக விரிசல் விடுகிறது. மேடு குவிந்திருந்தால், மேற்பரப்புக்கு இணையாகப் பாறையை நெருக்கும் அழுத்தமும் விரிசலைத் திறக்க உதவும்.

அதற்காக வெப்பத்தை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது. 2014 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ட்வெயின் ஹார்ட் ஏரிக்கரையில் ஒரு கிரானைட் மேடு கோடை வெயிலில் மக்கள் கண்முன்னே வெடித்து உரிந்தது, காணொளி இருக்கிறது. அதே கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் பாறைத் தகடு ஒன்றுக்குப் பின்னால் கருவி பொருத்தி அளந்தபோது, அது பகலில் வெளிப்பக்கம் விலகி இரவில் திரும்பி வருவது பதிவாகியிருக்கிறது. ஏற்கெனவே தயாராக இருக்கும் விரிசலை வெயில் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புகிறது. ஆக, உங்கள் நான்கு வரியில் "சுமை நீங்கியதால் விரிசல், நீரும் வெப்பமும் அதை வளர்க்கின்றன" என்று போட்டால் யாரும் கைவைக்க முடியாது.

உருண்டைப் பாறைகள் வேறு சங்கதி. ஒன்றன்மேல் ஒன்று உருண்டு கிடப்பதைப் பார்த்தால் வெள்ளம் உருட்டிவந்ததுபோல் தோன்றும். பெரும்பாலும் அவை அங்கேயே பிறந்தவை. மண்ணுக்கடியில் விரிசல்களால் கட்டம் கட்டமாகப் பிரிந்த பாறையில், மூலைகளை நீர் மூன்று பக்கமிருந்து தாக்கும், விளிம்புகளை இரண்டு பக்கமிருந்து, முகங்களை ஒரு பக்கமிருந்து. அதனால் மூலைகள் முதலில் கரைந்து கட்டம் உருண்டையாகிறது. பிறகு சுற்றியுள்ள மக்கிய மண்ணை மழை கழுவிப்போகும். சாலைக்காக வெட்டிய மேட்டில், மக்கிய மண்ணுக்குள் பாதி உருண்டை இன்னும் புதைந்திருப்பதைப் பார்த்தால் விடாதீர்கள், உருவாகும் விதம் முழுவதும் அந்த ஒரு படத்தில் வந்துவிடும்.

பதில் | ஆகஸ்ட் 9, மதியம்

சாலை வெட்டுக்குப் போகச் சொன்னேன், வண்டி வரும் பக்கம் முதுகு காட்டி நிற்காதீர்கள். செங்குத்து ஆற்றங்கரையின் விளிம்பிலும் அடியிலும் நிற்காதீர்கள், அடியில் குடைந்திருப்பது மேலிருந்து தெரியாது. மேலே எங்கோ மழை பெய்தால் வறண்ட படுகையில் திடீரென்று வெள்ளம் வரும். பாதுகாக்கப்பட்ட இடத்தில் சுத்தியலை எடுக்கவே கூடாது. தனியார் நிலம் என்றால் கேட்டுவிட்டுப் போங்கள். நாங்கள் நாடா பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒருவர் ஓடிவந்து, நிலத்தை யாருக்கு அளக்கிறீர்கள் என்று கேட்டார். மண்ணைப் படிக்கிறோம் என்றதும் இன்னும் சந்தேகப்பட்டார்.

பதில் | ஆகஸ்ட் 11

விண்கோள் படத்தில் தேடியவர் எழுதியிருக்கிறார்: "ஆறு மலைமுகட்டின் மேல் ஓடுவதுபோல் தெரிகிறது, என் கண்ணில் கோளாறா?"

இல்லை. வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று மூளை எப்போதும் எடுத்துக்கொள்ளும். வடக்கு மேலே இருக்கும்படி வைத்த விண்கோள் படத்தில், வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் சூரியன் தெற்கே, அதாவது படத்தின் கீழ்ப்பக்கம் இருக்கும். நிழல் மேல்நோக்கி விழும். மூளை அதைத் தலைகீழாகப் படித்து, பள்ளத்தை மேடாக்கிவிடும். படத்தை 180 பாகை திருப்பிப் பாருங்கள், ஆறு சட்டென்று பள்ளத்துக்குள் இறங்கிவிடும். கணினியில் நிழலிட்டு வரையும் நிலவரைபடங்களில் வெளிச்சத்தை வடமேற்கிலிருந்து விழவைப்பது இந்தத் தொல்லைக்காகத்தான், உண்மைச் சூரியன் அங்கே நிற்கிறதா என்பதைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதில்லை.

உயரத் தரவை நம்பித் தேடுபவர்களுக்கு இன்னொன்று. இலவசமாகக் கிடைப்பதில் பலரும் பயன்படுத்துவது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் ரேடாரால் எடுத்த அளவீடு. அதில் ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 30 மீட்டர். அதைவிடச் சின்ன மேடுபள்ளம் தெரியாது, மரங்களும் கட்டடங்களும் கலந்த உயரம்தான் கிடைக்கும். தட்டை நிலத்தில் அது காட்டும் "குன்று" சில நேரம் தோப்பு.

ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கோட்டால் இணைத்த சம உயரக்கோட்டு வரைபடம் கிடைத்தால் அதுதான் மேல். கோடுகள் ஓடையைக் கடக்கும்போது கூர்முனை மேலோட்டப் பக்கம் திரும்பியிருக்கும், அதை மட்டும் பிடித்துக்கொண்டே ஓடைகளையும் முகடுகளையும் பிரித்துவிடலாம்.

பதில் | ஆகஸ்ட் 12

சரிவின் கோணத்தைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதவேண்டாம். 1995இல் உளவியலாளர் டென்னிஸ் பிராஃபிட்டும் கூட்டாளிகளும் சோதித்ததில், 5 பாகைச் சரிவைப் பார்த்தவர்கள் 20 பாகை அளவுக்குச் சொன்னார்கள். நேர் எதிரே நின்று பார்த்தால் சரிவு உண்மையைவிடச் செங்குத்தாகத் தெரியும், பக்கவாட்டில் நின்று எடுத்தால்தான் உண்மை. கேமராவைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள், தொலைவில் நின்று பெரிதாக்கி எடுங்கள், அகலக் கோணத்தில் ஓரங்கள் வளையும். உலர்ந்த மணல் குவியலின் சரிவு 30 முதல் 34 பாகைக்குள் நிற்கும், படத்தில் உங்கள் மணல்மேடு 50 பாகை காட்டினால் கேமரா சாய்ந்திருக்கிறது அல்லது மணல் ஈரம்.

பதில் | ஆகஸ்ட் 12, சற்றுப் பின்னர்

அரட்டைச் செயலி வழியாகப் படத்தை அனுப்பினால், எங்கே எடுத்தது என்று அதில் பதிந்திருக்கும் இடக்குறிப்பு பெரும்பாலும் கழன்றுவிடும். கோப்பாக அனுப்புங்கள். திசையைக் கைபேசித் திசைகாட்டியில் பார்ப்பதானால் பாலத்தின் இரும்புக் கம்பியிலிருந்து தள்ளி நில்லுங்கள்.

பதில் | ஆகஸ்ட் 15

கேட்டவர் எடுத்த படங்களைப் பார்த்தேன். ஆற்று வளைவு அருமை. மூன்றாவது படம் "பழைய ஆற்று மேடை" என்று போட்டிருக்கிறார், அதாவது ஆறு முன்பு ஓடிய மட்டத்தில் விட்டுப்போன படி என்கிறார். படத்தில் இருப்பது நீளமாக, நேராக, ஒரே உயரத்தில் ஓடும் மேடு. இவ்வளவு நேர்க்கோடு எனக்கு உறுத்துகிறது. இயற்கை நேராகவும் போகும், ஆனால் அதற்கு ஒரு பிளவோ சாய்ந்த கடினமான பாறை அடுக்கோ காரணமாக இருக்கும். உங்கள் ஊரில் அது தெரியவில்லை. பக்கத்தில் அதே நீளத்துக்கு ஒரு பள்ளமும் இருக்கிறதே, மண்ணை அங்கிருந்து எடுத்து இங்கே போட்டிருப்பார்கள். பழைய கால்வாய்க் கரை என்றுதான் நினைக்கிறேன். உடைந்த ஓடோ செங்கல் துண்டோ அந்த மண்ணில் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் வழக்கு முடிந்தது. அதை எடுத்துவிடாமல் "மனிதன் உருவாக்கிய நிலவடிவம்" என்றே தலைப்பு மாற்றிக் கொடுங்கள், நான் திருத்துபவனாக இருந்தால் இதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன்.

நான்கு வரிகளில் கண்டதையும் ஊகித்ததையும் கலந்திருக்கிறார். "வெளிக்கரை செங்குத்து, வேர் தொங்குகிறது" என்பது கண்டது. "ஆறு இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது" என்பது ஊகம். முதலில் கண்டது, பிறகு ஊகம், அந்த வரிசையில் எழுதினால் ஊகம் தவறானாலும் கண்டது நிற்கும். முடிந்தால் ஒவ்வொரு படத்துக்கும் பென்சிலில் ஒரு கோட்டுச் சித்திரம் போடுங்கள். அழகாக வரவேண்டியதில்லை. கோடு போடும்போது எந்த அடுக்கு எங்கே முடிகிறது என்று முடிவெடுத்தே ஆகணும், கேமரா அதை உங்களிடம் கேட்பதில்லை.

பதில் | ஆகஸ்ட் 18

ஐந்தாவதுக்குக் கரையான் புற்றைக் கொடுக்கலாமா என்று கேள்வி, அதற்குக் கீழே இரண்டு பேர் சிரித்து வைத்திருக்கிறார்கள்.

சிரிக்க வேண்டாம். பிரேசிலின் வடகிழக்கில் கரையான்கள் எழுப்பிய மண்மேடுகள் ஏறத்தாழ 20 கோடி இருப்பதாக 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை மீட்டர் உயரம், பரப்பு ஏறத்தாழ 2,30,000 சதுர கிலோமீட்டர், சோதித்தவற்றில் பழையது 3,800 ஆண்டுக்கும் மேல். அவை கூடுகூட இல்லை, சுரங்கம் தோண்டி வெளியே கொட்டிய மண். விண்கோள் படத்திலேயே தெரிகிறது. உயிரினங்கள் உருவாக்கும் நிலவடிவம் என்று பாடத்தில் தனிப் பிரிவே இருக்கிறது, பவளத்திட்டும் அதில்தான் வரும்.

ஒரு புற்றை மட்டும் எடுத்தால் ஆசிரியர் உயிரியல் வகுப்புக்குப் போகச் சொல்லலாம். பல புற்றுகள் ஒரே சட்டத்தில் தெரியும்படி, அவற்றுக்கு இடையிலான தூரத்தை நடந்து அளந்து எழுதுங்கள். சுற்றியுள்ள மண்ணின் நிறமும் புற்று மண்ணின் நிறமும் வேறாக இருந்தால் இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் அருகருகே வைத்து எடுங்கள், கீழேயிருந்து எதைக் கொண்டுவந்திருக்கிறது என்று அதிலேயே தெரியும். கையை உள்ளே விடாதீர்கள், உள்ளே குடியிருப்பது எப்போதும் கரையானாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.